வியாசர்பாடி மாலை வகுப்புக்கு ஏற்ற பிக்சல் ஓவிய மென்பொருள் எது? (கட்டற்றவை மட்டும்)

வியாசர்பாடி மாலை வகுப்பு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாலை நேர வகுப்பில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் சிலர், தங்கள் பகுதிக் கால்பந்து மைதானத்தை வைத்து ஒரு சிறிய கணினி விளையாட்டை உருவாக்க வேண்டும் என்கிறார்கள். நிரல் எழுதும் பகுதியை நான் பார்த்துக்கொள்வேன். படங்களை அவர்களே சிறு சதுரப் புள்ளிகளால் ஆன பிக்சல் ஓவியமாக வரைய வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

எங்களிடம் இருப்பவை, அவர்களுடைய அண்ணன்களும் அக்காக்களும் பள்ளியில் வாங்கிய அரசு மடிக்கணினிகள். பெரும்பாலானவற்றில் நினைவகம் 2 ஜி.பி.தான். சிலவற்றில் விண்டோஸும் சிலவற்றில் லினக்ஸும் ஓடுகின்றன. வரைபலகை கிடையாது, மவுஸ்தான். இணையம் கைபேசியிலிருந்து வருவதால் அதை நம்பி வகுப்பு நடத்த முடியாது.

ஒரு நிபந்தனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் கற்கும் மென்பொருளைப் பிள்ளை தன் வீட்டுக்கு எடுத்துச் செல்லவும், தம்பிக்கும் பக்கத்துத் தெரு நண்பனுக்கும் கொடுக்கவும் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையிருக்கக் கூடாது. பென் டிரைவில் கைமாறும் பூட்டு உடைத்த நகல்களை வகுப்புக்குள் கொண்டுவர நான் ஒப்பவில்லை. எதைப் பரிந்துரைப்பீர்கள்?

பெரம்பூர் பயணி

ஏஸ்ஸ்பிரைட்டைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்பது என் கருத்து. பிக்சல் ஓவியம் வரைபவர்களில் பலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், பாடக் காணொளிகளும் அதற்குத்தான் மிகுதி. மூலநிரல் வெளிப்படையாகவே கிடைக்கிறது. அதை இயங்கும் மென்பொருளாக நாமே தொகுத்துக்கொண்டால் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

ராயபுரம் கட்டம்

பெரம்பூர் நண்பர் சொல்வதில் பாதி சரி. ஆனால் விடுபட்ட மறுபாதியைப் பற்றித்தான் இழையைத் தொடங்கியவர் கேட்கிறார். ஏஸ்ஸ்பிரைட்டின் மூலநிரலை யாரும் படிக்கலாம், தன் சொந்தப் பயன்பாட்டுக்குத் தொகுத்துக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் அப்படித் தொகுத்ததைப் பிறருக்குக் கொடுக்க அதன் உரிமம் இடம் தரவில்லை. ஆசிரியர் ஒருமுறை தொகுத்து வகுப்பில் உள்ள எல்லா மடிக்கணினிகளுக்கும் நகலெடுத்தால், எந்த நிபந்தனையை முன்வைத்து அவர் இங்கே வந்தாரோ அதையே மீறியவராவார். 2 ஜி.பி. நினைவகம் உள்ள கணினியில் அதைத் தொகுப்பது எவ்வளவு கடினம் என்பது தனிக் கதை.

இதன் வரலாற்றையும் சொல்ல வேண்டும். டேவிட் கபெல்லோ எழுதிய இந்த மென்பொருள் பல ஆண்டுகள், யாரும் பகிரவும் மாற்றவும் இடம் தரும் ஜி.பி.எல். என்னும் கட்டற்ற உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ்தான் இருந்தது. 2016 ஆகஸ்ட் 26 அன்று உரிமம் மாற்றப்பட்டது. ஜி.பி.எல். பொருந்திய கடைசி நிலையிலிருந்து ஒரு கிளை பிரிந்து லிப்ரேஸ்பிரைட் என்ற பெயரில் தனியே வளர்ந்து வருகிறது. கட்டற்ற உரிமத்தின் வலிமை இங்கேதான் தெரிகிறது. உரிமையாளர் தன் அடுத்த பதிப்பை எப்படி வேண்டுமானாலும் வெளியிடலாம், ஆனால் முன்பு கொடுத்த உரிமையை அவராலும் திரும்பப் பெற முடியாது.

உங்கள் கணினிகளுக்கு லிப்ரேஸ்பிரைட் மிகவும் பொருத்தமானது. லேயர்கள், ஃபிரேம்கள், முந்தைய ஃபிரேமை மங்கலாகக் காட்டும் வசதி, கோடு இழுக்கும்போது மூலைகளில் தேவையற்ற பிக்சல் விழாமல் தடுக்கும் முறை, வரைந்ததைப் பக்கத்தில் பக்கமாக அடுக்கிக் காட்டும் ஓடுமுறை ஆகிய எல்லாம் அதில் உண்டு. மவுஸால் வரைபவர்களுக்கு அந்த மூலைத் திருத்தம் பெரிய உதவி; அதை முதல் நாளே இயக்கிவிடச் சொல்லுங்கள்.

பெரம்பூர் பயணி

தொகுத்ததைப் பகிர முடியாது என்ற விவரத்துக்கு நன்றி, அண்ணா. ஆனால் ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஒரு மென்பொருளை எழுதுபவர் அதை விற்றுத்தான் வாழ்கிறார் என்றால், அதற்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை. கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேசும்போது இதை நாம் மறந்துவிடுகிறோம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ராயபுரம் கட்டம்

அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, தம்பி. வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு ஒரு பிள்ளை ஏஸ்ஸ்பிரைட்டை விலை கொடுத்து வாங்கினால் மகிழ்ச்சிதான். கற்ற பழக்கம் அப்படியே அங்கும் உதவும். நம் முன்னால் உள்ள கேள்வி வேறு. கையில் காசில்லாத பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு இன்று எதைக் கொடுத்தால், அதை அவள் இன்னொருவருக்குத் தலைநிமிர்ந்து கொடுக்க முடியும்? லிப்ரேஸ்பிரைட்டைக் கொடுத்தால் முடியும். பிக்சலோரமாவைக் கொடுத்தாலும் முடியும்.

திருவொற்றியூர் அலை

பிக்சலோரமாவின் பெயர் வந்துவிட்டதால் நானும் சேர்ந்துகொள்கிறேன். விளையாட்டுகளுக்குப் படம் வரைவது என் தொழில்; கடந்த சில வேலைகளை முழுவதும் பிக்சலோரமாவிலேயே முடித்திருக்கிறேன். இது கொடோ என்னும் கட்டற்ற விளையாட்டு இயந்திரத்தைக் கொண்டே எழுதப்பட்டது, எம்.ஐ.டி. என்னும் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும், உலாவியிலும் திறக்கலாம். உங்கள் விளையாட்டையும் கொடோவில்தான் எழுதப்போகிறீர்கள் என்றால், ஓவியம் வரையும் கருவியின் உட்புறத்தையே பிள்ளைகள் திறந்து படிக்கலாம் என்பது கூடுதல் பயன். அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து, தனக்கு வேண்டிய சிறு மாற்றத்தைச் செய்து பார்க்கும் வாய்ப்பு ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

ஆனால் உங்கள் மடிக்கணினிகளை வைத்துப் பார்த்தால் ஓர் எச்சரிக்கை அவசியம். 2024இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து பிக்சலோரமா கொடோவின் நான்காம் தலைமுறைக்கு மாறிவிட்டது. பழைய வரைகலைச் சில்லு உள்ள கணினிகளில் அது திறக்காமல் போகலாம், திறந்தாலும் திணறலாம். அத்தகைய கணினிகளில் அதற்கு முந்தைய 0.11 வரிசைப் பதிப்பை முயன்று பாருங்கள். அதுவும் ஓடாவிட்டால் லிப்ரேஸ்பிரைட்டே கதி. வகுப்பில் இரண்டையும் கலந்து பயன்படுத்துவதில் சிக்கல் எதுவும் இல்லை. இறுதியில் எல்லோரும் தரம் குறையாத பி.என்.ஜி. படக்கோப்பாக ஏற்றுமதி செய்து கொடுத்தால் போதும்.

தண்டையார்பேட்டை மாணவி

நான் பள்ளியில் கிம்ப் கற்றேன். அது ஏற்கெனவே எல்லாக் கணினிகளிலும் இருக்கிறதே, அதிலேயே வரையக் கூடாதா? கிரிட்டாவும் இலவசம்தானே?

ராயபுரம் கட்டம்

வரையலாம், அம்மா. கிம்பில் தூரிகையை விட்டுவிட்டுப் பென்சில் கருவியை எடுக்க வேண்டும். தேர்வுக் கருவிகளில் விளிம்பை மென்மையாக்கும் குறியை நீக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கும்போது, இடையில் புது நிறங்களைக் கணித்து நிரப்பும் இடைக்கணிப்பை 'எதுவுமில்லை' என்று வைக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்றை மறந்தாலும் விளிம்புகளில் நீங்கள் தேர்ந்தெடுக்காத அரைகுறை நிறங்கள் வந்து சேரும். பதினாறு நிறங்களில் தொடங்கிய ஓவியம் நூற்றுக்கணக்கான நிறங்களில் முடியும், எங்கே கெட்டது என்று கண்டுபிடிப்பதற்குள் மாலை முடிந்துவிடும். அசைவுப்படத்துக்கும் கிம்ப் வசதியானதன்று. கிரிட்டா அசைவுப்படத்துக்கு மிக நல்ல கருவி, பிக்சல் தூரிகைகளும் அதில் உள்ளன. ஆனால் வண்ணத்தட்டோடு கட்டுண்ட நிறமுறை அதில் கிடையாது, 2 ஜி.பி. கணினிக்கு அது பாரமும்கூட.

காசிமேடு பழையவர்

வண்ணத்தட்டு என்ற சொல் வந்ததால் எழுதுகிறேன். இந்த இழையில் இதுவரை கிராஃப்எக்ஸ்-2 பற்றி யாரும் பேசாதது எனக்கு வியப்பளிக்கிறது.

1985இல் டேன் சில்வா அமிகா கணினிக்காக எழுதி எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட டீலக்ஸ் பெயின்ட்டைப் பற்றி மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். கிராஃப்எக்ஸ்-2 அந்த மரபில் வந்தது. முதலில் டாஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்டுப் பின்னர் மூலநிரல் திறந்துவிடப்பட்டது. இன்று லினக்ஸிலும் விண்டோஸிலும் ஜி.பி.எல். உரிமத்தில் கிடைக்கிறது. உங்களிடம் உள்ளவற்றிலேயே மிகப் பழைய கணினியிலும் இது சிரமமின்றி ஓடும்.

இதில் ஒரு படத்துக்கு 256 நிறங்களுக்கு மேல் கிடையாது. பலர் இதைக் குறை என்பார்கள், நான் இதைத்தான் இதன் உயிர் என்பேன். படத்தில் உள்ள ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தைத் தாங்கி நிற்பதில்லை. வண்ணத்தட்டின் எத்தனையாவது அறை என்ற எண்ணைத்தான் தாங்கி நிற்கிறது. ஐந்தாம் அறையின் நீலத்தை நீங்கள் சற்று அடர்த்தியாக்கினால், படம் முழுவதும் அந்த நீலம் இருக்கும் இடமெல்லாம் அதே நொடியில் மாறும். துறைமுகத்தைப் பகலில் வரைந்துவிட்டு, ஒரு பிக்சலையும் தொடாமல், வண்ணத்தட்டை மட்டும் மாற்றி அதிகாலை ஏலம் நடக்கும் நேரத்துக்குக் கொண்டுவரலாம். அறைகளில் உள்ள நிறங்களை வரிசையாகச் சுழலவிட்டால் நின்ற படத்திலேயே அலை அசையும். இப்படி வேலை செய்யப் பழகிய பிள்ளை, தன் படத்தில் உள்ள ஒவ்வொரு நிறத்துக்கும் காரணம் சொல்லத் தெரிந்தவளாக இருப்பாள்.

திருவொற்றியூர் அலை

ஐயா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். அதே நிறக் கட்டுப்பாட்டை லிப்ரேஸ்பிரைட்டிலும் பெறலாம். புதிய கோப்பைத் திறக்கும்போதே நிறமுறையை 'இன்டெக்ஸ்ட்' என்று தேர்ந்தெடுத்தால் போதும். கிராஃப்எக்ஸ்-2இன் இடைமுகம் விசைப்பலகைக் குறுக்குவழிகளால் நிறைந்தது, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே சலிப்பு வரக்கூடும். ஆர்வம் உள்ள மூத்த மாணவர்களுக்கு அதைக் கொடுங்கள்.

தொடக்கத்தில் பிள்ளைகளையே நிறங்களைத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். டான்பிரிங்கரின் 16 நிறத் தட்டு, எண்டெஸ்கா 32 போன்ற ஆயத்த வண்ணத்தட்டுகள் லோஸ்பெக் தளத்தில் கோப்பாகவே கிடைக்கின்றன. அவற்றில் நிழல் நிறங்கள் வெறுமனே கறுப்புக் கலந்தவையாக இருப்பதில்லை. நிழல் நீலம் அல்லது ஊதாப் பக்கமாகவும் வெளிச்சம் மஞ்சள் பக்கமாகவும் சாய்ந்திருக்கும். நம் ஊரின் பிற்பகல் மூன்று மணி வெயிலில் சுவரையும் அதன் நிழலையும் உற்றுப் பார்க்கச் சொன்னால், பிள்ளைகளுக்கே அது புரிந்துவிடும்.

வண்ணை அச்சகம்

நான் வண்ணாரப்பேட்டையில் பிளெக்ஸ் அச்சுத் தொழிலில் இருப்பவன். பிள்ளைகள் வரைந்ததை ஆண்டு விழாவில் பெரிதாக அச்சிட்டு மாட்ட நினைப்பீர்கள் என்று எதிர்பார்த்து ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். 32க்கு 32 பிக்சல் உள்ள படத்தை அப்படியே கடையில் கொடுத்தால், அங்குள்ள மென்பொருள் அதைப் பெரிதாக்கும்போது இடையில் உள்ள நிறங்களைத் தானே கணித்து நிரப்பிவிடும், படம் பனிமூட்டத்தில் நிற்பதுபோல் மங்கும். ஆகவே நீங்களே முழு எண் மடங்கில், எடுத்துக்காட்டாக நூறு மடங்காக, 3200க்கு 3200 என்று பெரிதாக்கி பி.என்.ஜி.யாகக் கொடுங்கள். லிப்ரேஸ்பிரைட்டில் அளவு மாற்றும்போது, புது நிறம் கலக்காமல் அருகிலுள்ள பிக்சலின் நிறத்தையே எடுக்கும் 'நியரஸ்ட் நெய்பர்' முறை தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டரை மடங்கு, மூன்றே முக்கால் மடங்கு என்று போகாதீர்கள். சில பிக்சல்கள் அகலமாகவும் சில குறுகலாகவும் வந்து முகமே கோணலாகிவிடும்.

கைபேசிச் செய்திச் செயலி வழியாகப் படமாக அனுப்புவதையும் தவிர்க்கவும். பெரும்பாலான செயலிகள் அதை ஜேபெக்காக மாற்றிச் சுருக்குகின்றன. ஜேபெக் எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்து நுண்ணிய வேறுபாடுகளைக் கழித்துவிடும் முறை என்பதால், கூர்மையான விளிம்புகளைச் சுற்றி அழுக்குப் புள்ளிகள் தோன்றும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு மாறாமல் வந்து சேரும்.

வியாசர்பாடி மாலை வகுப்பு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போதைக்கு லிப்ரேஸ்பிரைட்டை எல்லாக் கணினிகளிலும், ஓடும் கணினிகளில் கூடுதலாகப் பிக்சலோரமாவையும் நிறுவலாம் என்று நினைக்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஒரு பிள்ளையின் தந்தை, "இலவச மென்பொருளில் வரைந்தால் படத்தையும் இலவசமாகக் கொடுக்க வேண்டியிருக்குமா?" என்று கேட்டார். இன்னொன்று, விளையாட்டில் வரும் எழுத்துகள் தமிழில் இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாக நிற்கிறார்கள். அதற்கும் பிக்சல் எழுத்துகளையே வரைய வேண்டும் என்கிறார்கள்.

ராயபுரம் கட்டம்

தந்தையிடம் உறுதியாகச் சொல்லுங்கள்: தேவையில்லை. ஜி.பி.எல். கட்டுப்படுத்துவது அந்த மென்பொருளின் நிரலையும் அதிலிருந்து உருவாகும் நிரல்களையும்தான். அதைக் கொண்டு பிள்ளை வரைந்த படம் பிள்ளைக்கே சொந்தம். விற்கலாம், வைத்துக்கொள்ளலாம், விரும்பினால் கட்டற்ற உரிமத்தில் வெளியிடலாம்.

எழுத்துரு ஆர்வலர்

இரண்டாவது ஐயத்துக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். இந்த இழையில் இதைவிடச் சுவையான கேள்வி வேறில்லை.

ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஐந்துக்கு ஏழு கட்டத்தில் அடங்கிவிடும். அதனால்தான் பழைய விளையாட்டுகள் எல்லாம் எட்டுக்கு எட்டு ஓடுகளில் எழுத்துகளை வைத்தன. அந்த அளவை எடுத்துக்கொண்டு தமிழைத் தொடங்கினால் முதல் நாளே பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். 'ட', 'ப', 'ம' போன்றவை எட்டில் அமரும். 'ண' என்று வந்தவுடன், ஒவ்வொரு செங்குத்துக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே ஒரு வெற்றுப் பிக்சலாவது விட வேண்டும் என்பதால், அகலம் எட்டைத் தாண்டிவிடும். இடைவெளியைக் குறைத்தால் 'ண'வும் 'ன'வும் ஒன்றுபோல் ஆகிவிடும். 'ணை', 'ஞ', 'ஔ' ஆகியவற்றைச் சொல்லவே வேண்டாம். உயரத்திலும் இதே நிலைதான்: மெய்யெழுத்தின் புள்ளிக்கும் எழுத்தின் தலைக்கும் இடையே ஒரு வரிசை காலியாக இருக்க வேண்டும், 'கீ' மேலே வளையும், 'மூ', 'ளு' போன்றவை கீழே இறங்கும். ஆகவே 16 பிக்சல் உயர வரியும், எழுத்துக்கு எழுத்து மாறும் அகலமும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். குனூ யூனிஃபான்ட் என்னும் கட்டற்ற எழுத்துருவில் தமிழ் வரிவடிவங்கள் 16 பிக்சல் உயரத்தில் வரையப்பட்டுள்ளன. அழகுக்காக அல்லாமல், எந்தக் கோட்டை எங்கே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று கற்பதற்காக அவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

247 எழுத்துகளையும் தனித்தனியாக வரைய வேண்டுமா என்று பிள்ளைகள் அஞ்சுவார்கள். வேண்டியதில்லை. உயிர் பன்னிரண்டு, அகரமேறிய மெய் பதினெட்டு, ஆய்தம், புள்ளி, கால், கொம்புகள், ஐகாரக் குறி ஆகியவற்றைத் தனி வடிவங்களாக வரைந்தால் பெரும்பகுதி முடிந்துவிடும். இகர, ஈகார வரிசைகளில் விசிறி (மேலே வளையும் குறி) ஒவ்வொரு மெய்யோடும் ஒட்டும் இடம் வேறுபடும். 'டி', 'டீ' தனியாகவே வேண்டும். உகர, ஊகார வரிசைகள் மட்டும் ஒவ்வொரு மெய்க்கும் தனி உரு கொண்டவை. அவற்றை 36 வடிவங்களாகவே வரைந்துவிடுவது நல்லது. நேரம் செலவாகும் இடம் அதுதான். அந்த வேலையைப் பிள்ளைகளுக்குள் பகிர்ந்து கொடுத்தால், ஒருவர் வரைந்த வளைவு இன்னொருவர் வரைந்த வளைவோடு பொருந்துகிறதா என்று அவர்களே ஒப்பிட்டுத் திருத்துவார்கள்.

அடுத்தது, திரையில் காட்டுவது. எழுத்துகளை ஒரே பி.என்.ஜி.யில் அடுக்கி, ஓர் எழுத்துக் குறிக்கு ஒரு கட்டம் என்று எடுத்துக் காட்டும் முறை ஆங்கிலத்துக்குப் போதும். தமிழில் 'கொ' என்பது நினைவகத்தில் மெய்யும் அதன் பின் ஒகரக் குறியுமாக இருக்கும். திரையிலோ ஒற்றைக் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஒரு வடிவமைப்பு நிரல் தேவை. கொடோவின் நான்காம் தலைமுறையில் ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற நிரலகம் உள்ளிணைந்தே வருகிறது. ஆகையால் நீங்கள் வரைந்தவற்றை ஃபான்ட்ஃபோர்ஜ் மென்பொருளில் எழுத்துருவாக அமைத்து, கூட்டெழுத்து விதிகளையும் அதிலேயே எழுதிக்கொடுத்தால், விளையாட்டில் தமிழ் சரியாக விழும். கொடோவில் அந்த எழுத்துருவைச் சேர்க்கும்போது விளிம்பு மென்மையாக்கத்தை அணைத்துவிட்டு, எழுத்தளவை 16 அல்லது அதன் மடங்குகளில் மட்டும் வையுங்கள்.

தண்டையார்பேட்டை மாணவி

எழுத்துரு வேலையில் நானும் சேரலாமா? உகர வரிசையை வரைய எனக்கு ஆசையாக இருக்கிறது. வியாசர்பாடிக்கு வருவது எனக்குத் தொலைவில்லை.

வியாசர்பாடி மாலை வகுப்பு

அவசியம் வாருங்கள், சகோதரி. சனிக்கிழமை மாலையில் பெரிய பிள்ளைகள் எல்லோரும் இருப்பார்கள்.

அலை அவர்களுக்கு ஒரு கடைசிக் கேள்வி: கொடோவில் படத்தைச் சேர்த்தவுடன் ஆட்டக்காரரின் உருவம் மங்கலாகத் தெரிகிறது. கோப்பு பி.என்.ஜி.தான்.

திருவொற்றியூர் அலை

கோப்பில் குறையில்லை. திட்ட அமைப்புகளில் 'ரெண்டரிங்' பகுதியின் கீழ் 'டெக்ஸ்சர்ஸ்' என்பதைத் திறந்து, இயல்பு வடிகட்டி 'லீனியர்' என்று இருப்பதை 'நியரஸ்ட்' என்று மாற்றுங்கள். ஒருமுறை மாற்றினால் திட்டம் முழுவதற்கும் பொருந்தும். சாளரத்தைப் பெரிதாக்கும்போதும் பிக்சல்கள் ஒரே அளவில் இருக்க வேண்டுமானால், அதே அமைப்புகளில் நீட்டிப்பு முறையை 'வியூபோர்ட்' என்றும் அளவீட்டை 'இன்டீஜர்' என்றும் வையுங்கள். அதன் பிறகும் உருவம் சிதைந்தோ நடுங்கியோ தெரிந்தால், அதன் இருப்பிடம் அரைப் பிக்சலில் நிற்கிறதா என்று பாருங்கள். திரைப்பிடிப்பு ஒன்றை இங்கே இணையுங்கள், பார்க்கிறேன்.